வாசல் அறை

செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் ராஜகிரியின் உச்சிக்கு ஏறி, மூச்சு வாங்கி, தேசிங்கு ராஜனை நினைத்து ஒரு பெருமூச்சும் விட்டுத் திரும்பிவிடுவார்கள். நமக்கோ அந்த மலையடிவாரத்திலேயே வாசம். ஆகையால் மூச்சு வாங்கும் சந்தர்ப்பங்கள் வீட்டுக்குள்ளேயே ஏற்படுகின்றன.

அப்படி ஒரு சந்தர்ப்பம் சென்ற சித்திரையில் வாய்த்தது. நம் தங்கையின் குமாரன் வந்து நின்று, "மாமா! வாசல் அறையை எனக்குக் கொடுத்துவிடுங்கள். ரேடியோ நிலையம் ஆரம்பிக்கப் போகிறேன்" என்றான்.

அந்த அறையில் நம் தகப்பனார் காலத்து வால்வு ரேடியோ ஒன்று மௌன விரதம் பூண்டு பல வருஷங்களாக வீற்றிருக்கிறது. அதற்குத் துணை வருகிறதாக்கும் என்று எண்ணி, "கர்நாடக சங்கீதமா, சினிமாப் பாட்டா?" என்று கேட்டோம்.

"இரண்டும் இல்லை மாமா. ஆப்பிரிக்க சங்கீதம், கரிபியன் தீவுகளின் சங்கீதம். இருபத்துநாலு மணி நேரமும்!"

நாம் சரித்திரத்தின் துணையை நாடினோம். "அடே! ரேடியோ என்றால் விளையாட்டா? 1924-ல் ஸ்ரீ ஸி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய கனவான்கள் சென்னையில் ரேடியோ சங்கம் கண்டார்கள். பணமுடையினால் 1927-ல் அது ஓய்ந்தது. சென்னை நகரசபை அதை 1930-ல் தூக்கி நிறுத்தியது. 1938-ல் அகில இந்திய ரேடியோ வந்த பிறகுதான் கவலை தீர்ந்தது. உனக்கு ஏது கோபுரமும் யந்திரமும்?"

"இது இன்டர்நெட் ரேடியோ. கோபுரமே வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர் போதும். இங்கிருந்து போகும் பாட்டை, வாடகைக்கு எடுத்த வேறொரு கம்ப்யூட்டர் வாங்கி, கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பிரதியாக அனுப்பும். நேயர் பெருகினால் வாடகையும் பெருகும். பாட்டுக்கு உரியவர்களுக்கு உரிமைத் தொகையும் கட்ட வேண்டும்."

"அப்படியானால் ஒருவரும் கேட்காமலிருப்பதே சிக்கனம்" என்றோம். அவன் சிரிக்கவில்லை.

வாஸ்தவத்தில் நம் மனத்தாங்கல் பணத்தைப் பற்றியதல்ல. இளமையில் நாம் தேசிங்கு ராஜன் கதையை விடிய விடியக் கேட்டிருக்கிறோம். குதிரை பாயும் கட்டத்தில் குழந்தைகளாகிய நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம். இப்போது பாடுவாரைக் காண்பதே அரிதாயிருக்கிறது. 2025-ல் கோட்டையின் கல்லுக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற கௌரவம் கிடைத்தது. பாட்டுக்கு என்ன கிடைத்தது? சொந்த ஊர்ப் பாட்டு ஊமையாய்க் கிடக்கையில் கடல் கடந்த பாட்டுக்கு வாசல் அறையா? இதைச் சற்றுக் கடுமையாகவே சொல்லிவிட்டோம்.

பையன் பதில் பேசவில்லை. ஒரு பாட்டை வைத்தான். தப்பு முழங்கிற்று. "மேல்மலையனூர்த் திருவிழாவா?" என்றோம்.

"குவாதலூப் தீவு, மாமா. அங்கேயும் அதற்குத் தப்பு என்றுதான் பெயர்."

நமக்குப் பேச்செழவில்லை. 1848-ல் பிரெஞ்சுக்காரர் அடிமை முறையை ஒழித்த பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடியபோது, புதுச்சேரியும் காரைக்காலும் கப்பல் ஏற்றும் துறைகளாயின. செஞ்சியிலிருந்து புதுச்சேரிக்கு 70 கிலோமீட்டர்கூட இல்லை. 'ஓரேலி' என்ற கப்பல் 1853-ல் மார்த்தினிக்கிலும், 1854-ல் குவாதலூப்பிலும் முதல் கூட்டத்தை இறக்கிற்று. குவாதலூப்புக்கு மட்டும் 1889-க்குள் சுமார் 42,000 பேர் சென்றனர். அவர்களுடைய பேரர்கள் தமிழ்ப் பேச்சை இழந்தார்கள். மாரியம்மனையும் மதுரை வீரனையும் இழக்கவில்லை. அங்கே பிறந்த ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904 முதல் 1923 வரை போராடி, இந்தியர்களுக்கு வாக்குரிமை கிடைக்கச் செய்தார்.

பக்கத்துத் தெருவில் ஆப்பிரிக்க வம்சத்தார் அடித்த 'க்வோகா' என்ற முழவு இருந்தது. அதை 2014-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் பாரம்பரியமாக ஏற்றது. டிரினிடாட் தீவில் வெள்ளைக்கார அதிகாரிகள் தோல் முழவைத் தடுத்தார்கள். மக்கள் மூங்கிலைத் தட்டினார்கள். பிறகு எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டிச் சுரம் எழுப்பினார்கள். அந்த எஃகு முழவுதான் இன்று அந்நாட்டின் தேசிய வாத்தியம். தாளத்தைச் சட்டத்தினால் அடக்க முடியுமா?

அறையைக் கொடுத்தோம். ஒரு நிபந்தனை: வாரத்தில் ஒரு மணி நேரம் தேசிங்கு ராஜன் கதைக்கு.

"சந்தோஷம், மாமா. பாடுகிறவரை நீங்கள் தேடிக்கொண்டு வாருங்கள்" என்றான், நிதானமாக.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு நிலையம் தொடங்கிற்று. திரையில் நேயர் தொகை '3' என்று காட்டியது. ஒருவர் அடுக்களையிலிருந்த நம் தங்கை. மற்றொருவர் சென்னையிலுள்ள அவன் சிநேகிதர். மூன்றாமவர் யாரோ என்று பையன் உற்சாகத்தில் துள்ளினான். அடுத்த அறையில் கைத்தொலைபேசியைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்திருந்த நாம் அதை வெளியிடவில்லை.

ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. கப்பலேறியவர்கள் சட்டிபானையைவிடப் பத்திரமாகத் தங்கள் தப்போசையைக் கொண்டுபோனார்கள். கோட்டை நிழலிலேயே இருந்த நாம் எதைக் காத்தோம்? அந்நியப் பாட்டு நம் பாட்டை விரட்டவில்லை. நாம்தான் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

பெரியவர் ஒருவருக்குக் கதை முழுதும் பாடமாம். நாளை விடியற்காலையில் அவர் கிராமத்துக்குப் புறப்படுகிறோம்.