எழுநூறு சிப்பாய்கள்

சாந்தோம் என்றதும் சென்னைவாசிகளுக்கு மாதா கோயிலின் உயர்ந்த வெள்ளைக் கோபுரம் ஞாபகத்துக்கு வரும். பிறகு பள்ளிக்கூடங்கள், மணலில் காயும் வலைகள், கருவாட்டு வாசனை. போர்க்களம் என்று ஒருவருக்கும் தோன்றாது. நமக்குப் போர்க்களம் என்றால் குருக்ஷேத்திரம். அதை விட்டால் பானிபட். பஸ் போகிற தெருவில் சரித்திரம் நடந்திருக்கும் என்று நாம் லேசில் நம்புவதில்லை.

இந்த ஊரோ பல முறை பீரங்கி வாயால் கைமாறிய ஊர். 1520-களில் போர்த்துகீசியர் இங்கே வந்து குடியேறினார்கள். பின்னர் மதில் எழுப்பிக்கொண்டார்கள். அப்போது மதராஸ் என்ற பட்டணமே கிடையாது. 1639-இல் ஆங்கிலேயர் வடக்கே சிறிது தூரத்தில் மணல் திட்டு ஒன்றை வாங்கியபோது, சாந்தோம்தான் பெரிய ஊர். மதராஸ் அதற்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. 1662-இல் கோல்கொண்டா சுல்தானின் படை சாந்தோமைப் பிடித்தது. 1672-இல் தெலாஹே என்ற பிரெஞ்சுத் தளபதி கப்பல்களோடு வந்து பறித்துக்கொண்டார். கோல்கொண்டாப் படை நிலத்தையும் டச்சுக்காரர் கடலையும் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இரண்டு வருஷம் பட்டினி கிடந்து, 1674-இல் பிரெஞ்சுக்காரர் சரணடைந்தார்கள். அந்தக் காலத்தில் புதுச்சேரியில் கால் ஊன்றிய பிரான்சுவா மார்த்தேன் என்பவர்தான் பிறகு அதைப் பட்டணமாக வளர்த்தார். சாந்தோம் கையை விட்டுப் போயிராவிட்டால் புதுச்சேரியின் கதை வேறு மாதிரி இருந்திருக்கும்.

இதெல்லாம் பூர்வ கதை. நான் சொல்ல வந்தது 1746-ஆம் வருஷத்து ஒரு நாளைப் பற்றி.

அந்த வருஷம் செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரின் ஜார்ஜ் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். பிடித்தால் உங்களிடமே தந்துவிடுகிறோம் என்று புதுச்சேரி கவர்னர் டூப்ளே ஆற்காட்டு நவாப் அன்வருதீனிடம் சொல்லிவைத்திருந்தார். பிடித்த பிறகு தரவில்லை. நவாபுக்குக் கோபம் வந்தது. மகன் மாபூஸ்கானைச் சுமார் 10,000 பேரோடு அனுப்பினார். புதுச்சேரியிலிருந்து கோட்டைக்கு உதவியாக ஒரு சிறு படை வருகிறது என்று கேள்விப்பட்டு, அதை வழியிலேயே நசுக்கிவிட மாபூஸ்கான் சாந்தோமில் வந்து நின்றார். அவருக்கு முன்னால் அடையாறு. அக்கரையில் வந்து சேர்ந்தவர் பாரடி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். பெயரைக் கேட்டால் ஒரு பெண் தன் தோழியைக் கூப்பிடுவது போல் இருக்கும். ஆசாமி அப்படிப்பட்டவர் அல்ல.

ஆங்கிலேயரின் பழைய பஞ்சாங்கப்படி அன்று அக்டோபர் 24. மற்ற ஐரோப்பியர் கணக்கில் நவம்பர் 4. எதிர்க்கரையில் குதிரைப்படையும் பீரங்கிகளும் இருப்பதைப் பார்த்தும் பாரடி தயங்கவில்லை. ஆற்றில் இறங்கு என்றார். நனைந்த காலோடு கரையேறியவர்கள் வரிசை கலையாமல் நின்று ஒரே சமயத்தில் சுட்டார்கள். பிறகு துப்பாக்கி முனையில் ஈட்டியைச் செருகிக்கொண்டு பாய்ந்தார்கள். நவாபின் பீரங்கி ஒருமுறை வெடித்தால் மறுமுறை வெடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பத்தாயிரம் பேர் சாந்தோம் தெருக்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடினார்கள்.

சரித்திரப் புத்தகங்கள் இதை ஐரோப்பியக் கட்டுப்பாட்டின் வெற்றி என்று எழுதுகின்றன. சரி. ஆனால் பாரடியோடு ஆற்றில் இறங்கியவர்கள் யார்? ஐரோப்பியர் 300 பேருக்கும் குறைவு. மற்ற 700 பேர் இந்த நாட்டுச் சிப்பாய்கள். அன்று நனைந்த கால்களில் பத்துக்கு ஏழு நம்முடையவை.

இதை என் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். "துரோகிகள்!" என்றார், காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலே.

எனக்கு அவ்வளவு சுலபமாக அந்த வார்த்தை வரவில்லை. யாருக்குத் துரோகம்? அன்வருதீன் ஆற்காட்டு நவாபாகி இரண்டே வருஷம் ஆகியிருந்தது. அவரும் வடக்கேயிருந்து வந்தவர். ஹைதராபாத் நிஜாம் நியமித்தவர். ஒரு குடியானவன் மகனுக்கு அவர் ஒரு எஜமான், டூப்ளே இன்னொரு எஜமான். ஒருவரிடம் மாதச் சம்பளமும் சீரான பயிற்சியும் கிடைத்தன. இந்தியா என்று ஒரு தேசம் அவன் மனத்தில் எழும்ப இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. இன்று நம்மிடம் இருக்கிற தராசைக் கொண்டுபோய் அவனை நிறுத்துப் பார்ப்பது நியாயமாகுமா?

நண்பர் காப்பியைக் குடித்து முடித்தார். "விளைவு என்ன ஆயிற்று? அதைச் சொல்லும்" என்றார்.

அங்கேதான் எனக்கும் வாய் அடைத்தது. அடையாற்றில் நடந்ததை எல்லோரும் கவனித்துக்கொண்டார்கள், நவாபுகளைத் தவிர. 1748-இல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற ஆங்கிலேயர் கடலூர் பக்கம் வந்து இறங்கினார்; ஆங்கிலேயரும் நாட்டுச் சிப்பாய்களைப் பழக்கலானார்கள். 1749-இல் உடன்படிக்கைப்படி மதராஸ் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. அந்த வருஷமே சாந்தோமையும் எடுத்துக்கொண்டார்கள். கோட்டை விழுந்தபோது பிடிபட்டு, மாறுவேஷத்தில் தப்பி ஓடிய குமாஸ்தா ஒருவன் இருந்தான். அவன் பெயர் ராபர்ட் கிளைவ். 1757-இல் பிளாசியில் அவனிடம் இருந்த சுமார் 3,000 பேரில் ஏறத்தாழ 2,000 பேர் சிப்பாய்கள். அவர்களில் பலர் சென்னையிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். இந்தியாவைப் பிடிக்க இங்கிலாந்திலிருந்து பெரும்படை எதுவும் வர வேண்டியிருக்கவில்லை. வழி அடையாற்றிலேயே தெரிந்துவிட்டது.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள்மீது குண்டு போட்டுவிட்டுப் போயிற்று. அதற்கு உயர்நீதிமன்றச் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்" என்று தமிழில் ஒரு சொல்லும் இருக்கிறது. ஓர் இரவுச் சத்தம் பாஷையிலேயே தங்கிவிட்டது. இரண்டு நூற்றாண்டு நம் தலையெழுத்தை மாற்றிய அந்தக் கால் மணி நேரத்துக்கு ஒரு பழமொழிகூட இல்லை.

இப்போது பட்டினப்பாக்கத்தைத் தாண்டிப் போனால் ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல் மேடிட்டிருக்கும். பாதியில் முறிந்துபோன பாலம் ஒன்று நிற்கும். காதலர்களும் சினிமாக்காரர்களும் அங்கே போவார்கள். மீன் பிடிப்பவர்கள் முழங்கால் தண்ணீரில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடப்பார்கள். அந்த எழுநூறு பேரும் ஏறக்குறைய இப்படித்தான் கடந்திருப்பார்கள். சம்பள நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டு.