எந்த ஊர் வக்கீல் ஆகப் போகிறாய்?

தெப்ராவ், ஜோகூர்

அன்புள்ள கவி,

உன் குரல் பதிவைக் கேட்டேன். "எஸ்கியூஇ தேர்வு எழுதி இங்கிலாந்திலேயே சொலிசிட்டர் ஆகிவிடுகிறேன்க்கா, பிடிக்கவில்லை என்றால் ஜோகூருக்கு வந்து பிராக்டிஸ் பண்ணலாம்தானே" என்கிறாய். அப்படி நேராக வர முடியாது. அப்பா பணம் கட்டும் முன் இது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நம் சட்டத்தொழில் சட்டம் 1976இன் 3ஆம் பிரிவைப் படித்துப் பார். மலாயாப் பல்கலைக்கழகப் பட்டம் அதில் இருக்கிறது, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகப் பட்டம் இருக்கிறது, இங்கிலாந்து பாரிஸ்டர் இருக்கிறார். சொலிசிட்டர் இல்லை. நீ படிக்கும் லிவர்பூல் பல்கலைக்கழகப் பட்டத்தோடு வந்தால் இங்கே சிஎல்பி என்ற தகுதித் தேர்வை எழுத வேண்டும். இல்லையேல் அங்கேயே பார் கோர்ஸ் முடித்து, ஏதாவது ஓர் இன்னில் 'கால்' வாங்கி, அதாவது பாரிஸ்டராகி, வர வேண்டும். பாரிஸ்டராக வருகிறவர்களுக்கு சிஎல்பி கிடையாது. ஆனால் செலவு பல மடங்கு, படிப்பதும் இங்கிலாந்தின் நடைமுறைச் சட்டம். சிஎல்பியின் ஐந்து தாள்களும் கடினம்தான். ஆனால் அதற்காகப் படித்த சிவில், குற்றவியல் நடைமுறைகளையும் சாட்சியச் சட்டத்தையும் வைத்துத்தான் நான் இன்றும் கோர்ட்டில் நிற்கிறேன். எந்த வழியில் போனாலும் பிறகு ஒன்பது மாதம் சேம்பரிங் என்னும் தொழில் பயிற்சி உண்டு. ஏழு வருடமாவது தொழிலில் இருக்கும் ஒருவரிடம்தான் அதைச் செய்ய முடியும்; அந்த மாஸ்டரை நல்லவராகப் பார்த்துத் தேடு. மற்ற எதையும்விட அது முக்கியம்.

இங்கிலாந்தில்தான் இருக்கப் போகிறாய் என்றால் எஸ்கியூஇ நல்ல வழி. 2021இல் அது வந்த பிறகு உன் போன்றவர்களுக்குக் கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கிறது. அதற்கு வேண்டிய இரண்டு வருட வேலை அனுபவத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துச் சேர்க்கலாம். பல்கலைக்கழகத்தின் சட்ட ஆலோசனை மையத்தில் செய்வதையும் கணக்கில் எடுப்பார்கள். உடனே போய்ச் சேர். வெளிநாட்டில் செய்த வேலைகூடச் செல்லும், இங்கிலாந்து சொலிசிட்டர் ஒருவர் உறுதிப்படுத்தினால் போதும். தேர்வுக் கட்டணம் மட்டும் ஐயாயிரம் பவுண்டை நெருங்குகிறது.

எனக்குப் பயம் விசாவைப் பற்றித்தான். மாணவர் விசாவில் பாடக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. அதை ஒரு மணி நேரம்கூட மீறாதே. படிப்பு முடிந்ததும் கிராஜுவேட் விசா இரண்டு வருடம் என்று சொல்கிறாய். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். நீ முடிப்பது அந்த வருடக் கோடையில். அந்தப் பதினெட்டு மாதத்துக்குள் உனக்கு ஸ்பான்சர் செய்கிற ஒரு நிறுவனம் கிடைக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் இரண்டு வருடம் முன்னதாகவே ஆள் எடுத்துவிடுகின்றன, அதனால் இப்போதே விண்ணப்பிக்கத் தொடங்கு.

சிங்கப்பூரைப் பற்றி அம்மா கேட்டார்கள். காஸ்வேயைத் தாண்டினால் போதும் என்று நினைக்கிறார்கள். 2016இல் சேர்ந்த மாணவர்கள் தொடங்கி சிங்கப்பூர் ஏற்கும் பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் 19இலிருந்து 11ஆகக் குறைந்துவிட்டன. விடுபட்டவற்றில் லிவர்பூலும் ஒன்று. வெளிநாட்டுப் பட்டக்காரர்கள் குடியுரிமையோ பிஆரோ வைத்திருக்கவும் வேண்டும். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

என் ஆசையை மறைக்கவில்லை, நீ வர வேண்டும். போன மாதம் ஒரு கேஸில் எஸ்டேட்டில் பால் வெட்டிய பாட்டி ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்றார். மொழிபெயர்ப்பாளர் மலாயில் சொல்லி முடிக்கும் முன்பே அவர் தமிழில் தயங்கிய இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த கேள்வியை அங்கிருந்துதான் எடுத்தேன். அந்தக் காது உனக்கு என்னைவிடக் கூர்மை. ஆனாலும் விசா முடிந்துவிட்டதே என்று நீ விமானம் ஏறி வருவதை நான் விரும்பவில்லை. வருகிறாயா, இருக்கிறாயா என்பதை நீ முடிவு செய், மற்றவர்கள் செய்ய விடாதே. இருப்பதென்றாலும் அப்பாவிடம் உனக்காகப் பேசுவேன்.

வருவதாக இருந்தால் எஸ்கியூஇக்கு வைத்திருக்கும் பணத்தைத் தொடாதே, சிஎல்பிக்கும் சேம்பரிங் மாதங்களுக்கும் அது உதவும். சேம்பரிங்கில் கையில் வருவது குறைவு. இந்த ஞாயிறு எங்களுக்கு இரவான பிறகு கூப்பிடு. அதுவரை எந்த கோர்ஸுக்கும் முன்பணம் கட்டிவிடாதே.

அன்புடன்,
அக்கா