பத்து நம்பர் ஸ்பேனரும் அப்பாவின் ஸ்பிளெண்டரும்

நம்ம வீட்டு ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரைப் பற்றி ஏற்கெனவே புலம்பியிருக்கேன். 2004ல் அப்பா மன்னார்குடியில் வாங்கினது. முட்டி வலி வந்ததும் 2022ல் எனக்குக் கொடுத்துட்டார். ரயில் பார்சலில் மும்பை வந்து, இப்போ செம்பூர்ல நம்மளோட மழையில் நனையுது. ஞாயித்துக்கிழமை போன்ல என்னை விசாரிக்கிறதுக்கு முன்னாடி வண்டியை விசாரிப்பார். "பதினெட்டு வருஷம் ஓட்டினேன், ஒரு நட்டு உடைஞ்சதில்லைடா" என்பது அவருடைய நிரந்தர டயலாக்.

மழைக்காலம் முடிஞ்சதும் இன்ஜின் கீழேயிருந்து 'டிக் டிக்'னு ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை விட்டால் 'பட்' என்று ஒரு வெடி. குனிஞ்சு பார்த்தா, சைலன்சர் பைப் இன்ஜினோட சேருற இடத்துல புகைக் கறை. அங்கே பைப்பைப் பிடிச்சிருக்கிறது ரெண்டே ரெண்டு 6 எம்எம் ஸ்டட், ரெண்டு நட்டு. ரெண்டும் துரு ஏறி, வெல்லக்கட்டி மாதிரி இருந்தது. இந்த வண்டியில் சிலிண்டர் கிட்டத்தட்ட படுத்த வாக்கில் இருக்கும், சைலன்சர் வாய் கீழ்ப்பக்கம். முன் சக்கரம் அடிக்கிற தண்ணியெல்லாம் நேரே அங்கேதான். சூடு, தண்ணி, கடல் காத்து. போதாதா?

இவ்வளவு சின்ன வேலைக்கு மெக்கானிக்கா என்று ஒரு பி.காம். மூளை கணக்குப் போட்டது. (வீட்டம்மா அப்பவே சொன்னாங்க. அதை இங்கே எழுதச் சொல்லியும் உத்தரவு.)

சனிக்கிழமை ராத்திரி டபிள்யூ.டி. 40 அடிச்சேன். காலையில் இன்னொரு தடவை. பத்து நம்பர் ரிங் ஸ்பேனர் போட்டேன். வலது நட்டு கிறீச்சுனு முனகிட்டுக் கழண்டு வந்தது. அந்தத் தைரியத்தில் இடது பக்கம் ஒரே அழுத்து. நட்டு சுலபமா சுத்துச்சு. ஆஹா என்று நினைச்ச அடுத்த நொடி, ஸ்டட்டும் நட்டும் ஒட்டினபடி என் கையில். பாதி ஸ்டட் ஹெட்டுக்குள்ளே.

பேங்க்ல இருபது வருஷமா வசூல் பார்க்கிறவன் நான். தவணை தப்பினவரை ஒரே அடியா நெருக்கினா ஆள் முறிஞ்சு போவார், கொஞ்சம் தளர்த்திப் பிடிக்கணும்னு ஜூனியர்களுக்குப் பாடம் எடுக்கிறவன். இங்கேயும் அதேதானாம். கொஞ்சம் கழட்டு, திரும்பக் கொஞ்சம் இறுக்கு, எண்ணெய் விடு, மறுபடி கழட்டு. அவசரப்பட்டேன்.

தெருமுனை மெக்கானிக் பார்த்துட்டு, ஹெட்டைக் கழட்டிடலாம் என்றார். நான் கேட்ட 'ஈஸி அவுட்' யோசனையை உடனே மறுத்தார். அது உள்ளே முறிஞ்சா டிரில் பிட்டே ஏறாதாம், அவ்வளவு கடினமான இரும்பு. கழட்டின ஹெட்டை மச்சினன் கல்யாணத்து மஞ்சப்பையில் போட்டு, குர்லாவில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனேன்.

அங்கே இருந்த பெரியவர் அவசரமே படலை. ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. சூடு காட்டினா அலுமினியம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், பிடி தளரும். ஸ்டவ் ஜுவாலையில் ஹெட்டைக் காட்டினார். மிச்சமிருந்த துண்டு மேலே ஒரு நட்டை வெல்ட் பண்ணி, ஸ்பேனர் போட்டுத் திருப்பினார். வெண்ணெய் மாதிரி வந்தது. மரையும் கெடலை. எனக்கு உயிர் வந்தது.

"இன்னொண்ணையும் மாத்திடலாம் சாப்" என்று வலது ஸ்டட்டில் ரெண்டு நட்டை ஒண்ணோடொண்ணு இறுக்கி, உள் நட்டைத் திருப்பி வெளியே எடுத்தவர், உள்ளங்கையில் வெச்சுக் காட்டினார். வெளிப்பாதி 6 எம்எம், உள்பாதி 8 எம்எம். யாரோ முன்னாடியே ஸ்டட்டை உடைச்சு, ஓட்டையைப் பெரிசாக்கி, லேத்துல கடைஞ்ச ஸ்டெப் ஸ்டட் போட்டிருக்காங்க. இன்னும் உறுதியா இருக்கு, இதை மாத்த வேண்டாம்னு துடைச்சுத் திரும்பப் போட்டார்.

இடது பக்கம் புது ஸ்டட், ரெண்டு புது நட்டு, புது கேஸ்கெட், ஹெட் கழட்டி மாட்டின கூலி எல்லாம் சேர்த்து 1,850 ரூபாய். பத்து நம்பர் ஸ்பேனர் மட்டும் வீட்டிலேயே இருந்தது. இலவசம்.

அன்னிக்கு ராத்திரி போன். வழக்கம்போல "வண்டி எப்படிடா இருக்கு?"

மறைக்கலாம்னுதான் இருந்தேன். ஆனா அந்த ஸ்டெப் ஸ்டட் தொண்டையில் நின்னுது. "சைலன்சர் ஸ்டட் ஒண்ணு உடைஞ்சுபோச்சுப்பா. ஹெட்டைக் கழட்ட வேண்டியதாயிடுச்சு. இன்னொண்ணு ஏற்கெனவே உடைஞ்சு போட்டதாமே?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. டி.வி.யில் ஏதோ சீரியல் ஓடுறது மட்டும் கேட்டுது.

"நீ எந்தப் பக்கம் உடைச்சே?"

"இடது."

"நான் வலது. 2011ல. உன் தங்கச்சி கல்யாணத்துக்கு முந்தின வாரம். வண்டியைத் தள்ளிட்டே பட்டறைக்குப் போனேன். பத்திரிகை கொடுக்கப் போனேன்னுதான் உங்கம்மா இன்னும் நினைச்சிட்டிருக்கா."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை. அப்புறம் அவரே கேட்டார். "மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவச் சொன்னியா?"