மேலே ஏறும் மின்னல்

நியூயார்க், எம்பயர் ஸ்டேட் கட்டடம், 86-வது மாடி. வெளித் தளத்தில் நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆற்றுக்கு அப்பால் வானம் கறுத்தது. முதல் இடி கேட்டதுமே எல்லோரையும் உள்ளே அனுப்பிவிட்டார்கள். 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்லி வளர்ந்த வாயல்லவா, கண்ணாடிக்குப் பின்னால் நின்றும் அதையே முணுமுணுத்தது.

இங்கே ஆண்டுக்குச் சுமார் 20 முறை மின்னல் விழுகிறது. 'விழுகிறது' என்பதே தப்பு. 1930-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கார்ல் மெக்கீக்ரன், சில தெருக்கள் தள்ளி கேமரா வைத்து இந்த உச்சியையே படமெடுத்தார். லென்ஸ் சுழலும் 'பாய்ஸ்' கேமரா அது. மின்னலில் எது முந்தியது, எது பிந்தியது என்பது படத்தில் தனித்தனியாக விழும். பார்த்தால், பெரும்பாலான மின்னல்கள் கட்டடத்தின் உச்சியில் கிளம்பி மேகத்துக்கு ஏறியிருந்தன!

சமதரையில் கதை வேறு. மேகத்திலிருந்து ஒரு மங்கலான கீற்று இறங்கும். சுமார் 50 மீட்டர் தாவும், நொடியில் லட்சத்தில் சில பங்கு நேரம் நிற்கும், மறுபடி தாவும். தரையை நெருங்கும்போது கீழிருந்து இன்னொரு கீற்று எழுந்து அதைத் தொடும். கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சம் அதற்குப் பிறகுதான். அதுவும் கீழிருந்து மேலே பாய்வதுதான்.

இதையெல்லாம் மொபைலில் பிடிக்கப் பார்த்தேன். நொடிக்கு 30 படம் எடுக்கும் வீடியோவில், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவிலேயே கீற்று இறங்கி முடித்துவிடுகிறது. எட்டு நிமிடம் எடுத்ததில் முழுக்க வெள்ளையாக ஒரே ஒரு படம் கிடைத்தது. அழிக்க மனசு வரவில்லை.