விலையும் மதிப்பும்

நெசவை நம்பி வாழும் ஊரில் பிறந்தவர்க்கு விலைக் கணக்கு புதிதன்று. மருதமுனையில் ஒரு சேலை தறியிலிருந்து இறங்குமுன்பே நூலுக்கு எவ்வளவு, சாயத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்பது வீட்டார் நாவில் இருக்கும். சேலை அழகாயிருப்பது வேறு, கொடுத்த காசுக்கு அது ஈடாயிருப்பது வேறு என்பதை இங்கே எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் மனிதருக்கே விலை கூறும் கிரிக்கெட் சந்தையைப் பார்க்கும்போது நம் இளைஞர் இதனை மறந்துவிடுகின்றனர்.

2025 நவம்பரில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். ஐ.பி.எல். போட்டியில் ராஜஸ்தான் ரோயல்ஸ் அணியின் தலைவராயிருந்த துடுப்பாட்ட வீரர் சஞ்சு சாம்சன் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அவருக்கு ஈடாக ரவீந்திர ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்குச் சென்றனர்.

“ஒருவருக்கு இருவரா? சென்னை ஏமாந்துவிட்டது, காக்கா!” என்றான் இளைஞன் ஒருவன். “சஞ்சுவை விட்ட ராஜஸ்தான்தான் ஏமாந்தது” என்றான் அவன் தோழன். இருவரும் ஆட்டக்காரரை நிறுத்தார்களேயன்றி ஒப்பந்தத்தை நிறுக்கவில்லை.

சாம்சனின் ஊதியம் ஒரு பருவத்துக்கு 18 கோடி இந்திய ரூபாய். 2024இல் 531 ஓட்டங்களைக் குவித்த அவர், மறு ஆண்டு காயத்தினால் 9 ஆட்டங்களில் மட்டும் ஆடி 285 ஓட்டங்களே பெற்றார். அணிகளின் பணப்பைக்கோ வரம்புண்டு. 2025ஆம் ஆண்டுப் பருவத்துக்கு அது 120 கோடி. எனவே 18 கோடி பெற்று, அதே அளவுக்கு ஆடுபவரால் அணிக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை. பெறும் ஊதியத்துக்கு மேல் அவர் எவ்வளவு தருவார் என்பதே சந்தையில் அவருடைய மாற்று மதிப்பு.

இந்த மாற்றத்தின்போது ஜடேஜாவின் ஊதியம் 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது, கரனுடையது 2.4 கோடி. இரண்டும் சேர்ந்து 16.4 கோடி. ராஜஸ்தானுக்கு இரு சகலதுறை வீரர்களும் கிடைத்தனர்; 1.6 கோடியும் மிஞ்சியது. சென்னையின் தேவை வேறு. தோனிக்கு வயது 44. ஜடேஜா 37ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். விக்கெட் காக்கவும் முன்வரிசையில் ஆடவும் வல்ல சாம்சனுக்கோ வயது 31. அவரவர் குறையை அவரவர் நிரப்பிக்கொண்டனர், ஏமாந்தவர் எவருமில்லை.

இங்கே சிந்திக்க வேண்டியது ஒன்றுண்டு. இதே கரனை 2022 டிசம்பரில் பஞ்சாப் அணி 18.5 கோடிக்கு வாங்கியது. அன்றுவரை அந்த ஏலம் கண்டிராத தொகை அது! இரண்டாண்டில் அது 2.4 கோடியாயிற்று. நமது வனிந்து ஹசரங்கவை 2022இல் பெங்களூர் அணி 10.75 கோடிக்கு வாங்கியது. 2023 டிசம்பரில் ஹைதராபாத் அணி அவரை 1.5 கோடிக்கே பெற்றது. அவர்களுடைய கைத்திறன் அத்தனை பங்கு தேய்ந்துவிட்டதா? இல்லை. வாங்குவோரின் தேவையும் பையிலிருந்த பணமுமே மாறின.

நம் குடும்பங்களிலும் இத்தகைய ஏலம் நடப்பதுண்டு. மாப்பிள்ளை பேசும்போது முதலில் கேட்கப்படுவது மாதச் சம்பளம். வளைகுடாவில் உழைப்பவனுக்கு ஒரு நிலை; தறியில் உழைப்பவனுக்கு வேறொரு நிலை. அதற்கேற்பப் பெண்வீட்டார் வீடு கட்டிக் கொடுத்துக் கடனாளியாகின்றனர். வளைகுடா வேலை போய்விட்டால் அதே மருமகன் ஒரே நாளில் மலிந்துவிடுகிறான்!

கிரிக்கெட் அணி தவறாக வாங்கினால் அடுத்த ஏலத்தில் திருத்திக்கொள்ளும். ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு அடுத்த ஏலம் என்பது எளிதில் வருவதன்று. ஆகையால், மகளுக்கு வரன் பார்க்கும் வாப்பாமாரே, உம்மாமாரே! பையனின் சம்பளத்தைக் கேளுங்கள், அதில் குற்றமில்லை. அச்சம்பளம் நின்றுபோனாலும் அவனிடம் மிஞ்சுவது என்ன என்பதையும் கேளுங்கள்.