கரும்பூஞ்சை: அச்சமும் கவனமும்

கரும்பூஞ்சை என்பது அவ்வளவு பொருத்தமான பெயரன்று. மியூகார்மைகோசிஸ் என்று மருத்துவம் அழைக்கும் இந்நோயை உண்டாக்கும் பூஞ்சைகள் மண்ணிலும், மக்கும் இலைகளிலும், நாள்பட்ட ரொட்டியிலும் பஞ்சுபோல் வளர்பவை. அவற்றின் நுண்துகள்களை நாம் அன்றாடம் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அபூர்வமாக உடலுக்குள் காலூன்றிவிட்டால் இரத்தக் குழாய்களைத் துளைத்து அடைத்துவிடுகின்றன. இரத்தம் எட்டாத சதை மடிந்து கருக்கிறது. அந்தக் கருமையைத்தான் நாம் பூஞ்சையின் பெயராக்கிவிட்டோம்.

2021 மே மாதம் தமிழக அரசு இதனை, கண்டறிந்தவுடன் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அந்நாட்களில் என் அக்கா வெங்காயம் வாங்குவதையே நிறுத்திவிட்டாள். வெங்காயத் தோலில் படியும் கரும்பொடியால் இந்நோய் வருகிறது என்றொரு வாட்ஸ்அப் செய்தி உலவியது. அது வேறொரு பூஞ்சை. இந்நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அக்காவின் கலக்கத்தை நான் எள்ளவில்லை. அவள் மகளுக்கு ஒன்பது வயதிலிருந்து முதல் வகை நீரிழிவு.

நீரிழிவுள்ள குழந்தைகள் எல்லோரையும் இப்பூஞ்சை தேடி வருவதில்லை. இன்சுலின் இல்லாமற்போகும்போது உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது, இரத்தம் அமிலமாகிறது. கீட்டோஅசிடோசிஸ் என்பது இந்நிலைதான். அப்போது இரத்தப் புரதங்கள் பற்றிவைத்திருக்கும் இரும்பு விடுபட்டுப் பூஞ்சைக்கு உணவாகிறது. அதை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களும் தளர்ந்துவிடுகின்றன. மூக்கில் தொடங்கும் நோய் கண்ணுக்கும் மூளைக்கும் சில நாட்களிலேயே பரவக்கூடும். ஆம்போடெரிசின் மருந்து, மடிந்த சதையை அகற்றும் அறுவை, சர்க்கரையையும் அமிலத்தையும் சீராக்குதல் ஆகிய மூன்றும் உடனே வேண்டும். அப்படியும் பலர் பிழைப்பதில்லை.

ஆகவே, நாம் அஞ்ச வேண்டிய இடம் வேறு. சென்ற ஆண்டு ஒரு கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் அக்காவிடம் ஒரு சூரணத்தின் பெயரைச் சொல்லி, "மூணு மாசம் குடும்மா, ஊசியே வேண்டாம்" என்றார். பரிவோடுதான் சொன்னார். அவளுடைய கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிட்டது என்பதும், ஊசியை நிறுத்தினால் மூன்று மாதமல்ல, சில நாட்களே போதும் என்பதும் அவருக்குத் தெரியாது. பெண்பிள்ளை என்பதால் ஊசியை மறைவாகப் போட்டுக்கொள்ளச் சொல்பவர்களும் உண்டு. மறைக்கத் தொடங்கினால், ஒருநாள் போடாமலும் இருக்க நேரும்.

இன்னும் பல குழந்தைகளுக்கு நீரிழிவு இருப்பதே கீட்டோஅசிடோசிஸ் வந்த பிறகுதான் தெரிகிறது. ஓயாத தாகம், மீண்டும் படுக்கையை நனைத்தல், காரணமின்றி மெலிதல், வயிற்றுவலி, வாந்தி. அஜீரணம் என்று கஷாயம் கொடுத்துக் காத்திருக்கிறோம். விரல்நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் சில நொடிகளில் சர்க்கரையின் அளவு தெரிந்துவிடும். நீரிழிவுள்ள பிள்ளைக்கு முகத்தின் ஒருபுறம் வலித்தாலோ, கண் வீங்கினாலோ, அண்ணத்தில் கருமை படர்ந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.