வடக்கே புறப்படுமுன் டயரைப் பாருங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வீடுகளில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். ஜாசினிலும் மெர்லிமாவிலும் அலோர் காஜாவிலும் உள்ள நம்மவர்கள் குடும்பத்தோடு காரில் ஏறி ஈப்போவுக்கோ பினாங்குக்கோ புறப்படுவார்கள். புளிச்சோறு கட்டியாயிற்றா, பாய் தலையணை ஏற்றியாயிற்றா என்று பத்து முறை கேட்பவர்கள், கார் எதன்மேல் ஓடப்போகிறது என்பதை மட்டும் கேட்பதில்லை. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே. குடும்பம் முழுவதும் அந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான் செல்கிறது.

டயரைப் பற்றிப் பேச மலாக்காக்காரர்களுக்குத் தனி உரிமை உண்டு. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். 1896-இல் டான் சாய் யான் என்ற சீனச் செல்வர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்து புக்கிட் ஆசஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. கார்கள் பெருகப் பெருகத் தோட்டங்களும் பெருகின. நம் பாட்டனும் பாட்டியும் கப்பலேறி வந்து, விடியுமுன் பெரட்டில் நின்று, உளியும் வாளியுமாக நடந்தது அந்தத் தேவைக்காகத்தான்.

பால் வெட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும்; மரத்தின் உட்பகுதியைத் தொடாமல் சுமார் ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். ஆழம் தவறினால் மரத்துக்குக் காயம், நமக்கு ஏச்சு. அந்த மில்லிமீட்டர்க் கண்ணோடு உங்கள் டயரையும் பாருங்கள்.

முதலில் பள்ளங்கள். மலாய்மொழியில் இவற்றை டயரின் 'பூ' என்பார்கள். மழைநீரை ஒதுக்கித் தள்ளி, ரப்பர் சாலையைப் பற்ற வழிசெய்வது இந்தப் பூதான். இதன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மொட்டை டயர் ஈரச் சாலையில் நீரின்மேல் மிதக்கும். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அப்போது பயன்படா.

அடுத்து வயது. பூ நிறைய இருந்தாலும் ரப்பர் வெயிலிலும் காற்றிலும் இறுகி வெடிக்கும். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். ஐந்து ஆண்டு கடந்ததை ஆண்டுதோறும் கடைக்காரரிடம் காட்டுங்கள். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று பிறர் கழற்றிய டயரை வாங்க எண்ணினால், இந்த எண்ணைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

புதியது வாங்கும்போது 175/65 ஆர்14 82டி என்பதுபோல் எழுதியிருக்கும். 175 மில்லிமீட்டர் அகலம். அதில் 65 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம். 'ஆர்' என்பது ரேடியல். ரிம் 14 அங்குலம். 82 என்றால் ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 'டி' என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். உங்கள் காருக்குச் சொல்லப்பட்ட எண்களுக்குக் குறைந்ததை வாங்காதீர்கள். இரண்டு மட்டுமே வாங்க வசதியிருந்தால், புதியவற்றைப் பின்சக்கரங்களில் மாட்டச் சொல்லுங்கள். ஈரத்தில் காரின் பின்புறம் வழுக்கினால் அடக்குவது கடினம்.

இனி காற்று. ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் தாளில், குறைந்த பாரத்துக்கு ஓர் அளவும் நிறைந்த பாரத்துக்கு ஓர் அளவும் இருக்கலாம். தாத்தா பாட்டி, பிள்ளைகள், மூட்டை முடிச்சு எல்லாம் ஏறும் நாளில் நிறைபார அளவே சரி. காலையில் டயர் சூடேறுமுன், வீட்டுக்கு அருகிலுள்ள பெட்ரோல் நிலையத்தில் அடியுங்கள். காற்றுக் குறைந்த டயர் உருளும் ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிரும்; அதனால் சூடேறும்; சூடேறியது வெடிக்கும். மாற்று டயரிலும் காற்று இருக்கிறதா என்று பார்க்க மறவாதீர்.

ஆயர் குரோவில் ஏறினால் பினாங்கு வரை சுமார் 500 கிலோமீட்டர். 1994-இல் முழுமையாகத் திறக்கப்பட்ட இந்த நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகம் எளிதாக வந்துவிடும். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டி ஏற்ற இறக்கமும் வளைவுகளும் வரும். மாலை மழையில் அவ்விடம் உங்கள் டயரைச் சோதிக்கும்.

அதைக் கடந்ததும் கோலகங்சாருக்குள் ஒரு முறை திரும்புங்கள். 1877-இல் சிங்கப்பூரிலிருந்து வந்த 9 ரப்பர்க் கன்றுகள் இங்கே நடப்பட்டன; அவற்றில் ஒன்று இன்றும் நிற்கிறது. பிள்ளைகளை அதன் அருகே நிறுத்தி, நம் தாத்தா பாட்டி வெட்டிய பாலின் கதையைச் சொல்லுங்கள். அப்படியே அவர்கள் கையைப் பிடித்து டயரின் பூவையும் தொட்டுக் காட்டுங்கள். நாளை கார் ஓட்டப்போகிறவர்கள் அவர்கள்தாமே!